எக்சு-கதிர் மாறுபாட்டு ஊடகமும் சிறுநீரகக் குருதியோட்டமும்

எக்சு-கதிர் மாறுபாட்டு ஊடகம் என்பது கணித்த குறுக்குவெட்டு வரைவு (சிடி ஸ்கேன்), குருதிக்குழாய் வரைவு (ஆஞ்சியோ) முதலிய சோதனைகளில் குருதிக்குழாய்களையும் உள்ளுறுப்புகளையும் தெளிவாகக் காண்பதற்காக உடலினுள் செலுத்தப்படும் அயோடின் கலந்த நீர்மம் ஆகும். இது உடலிலிருந்து பெரும்பாலும் சிறுநீரகங்களின் வழியாகவே வெளியேறுகிறது. அவ்வாறு வெளியேறும்போது சிறுநீரகக் குருதியோட்டத்தில் சில மாற்றங்களை ஏற்படுத்துகிறது. நலமான சிறுநீரகம் இம்மாற்றங்களைத் தாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே செயற்றிறன் குறைந்த சிறுநீரகத்தில் இவை திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கு இட்டுச்செல்லக்கூடும். இந்த இடர் எவ்வளவு பெரியது என்பது குறித்த மருத்துவக் கருத்து 2013ஆம் ஆண்டிற்குப் பின் பெரிதும் மாறியுள்ளது.

பெயரும் வழக்கும்

தமிழக மருத்துவமனைகளில் இது 'கான்ட்ராஸ்ட்' என்றும், மக்கள் பேச்சில் 'டை' அல்லது 'சாய ஊசி' என்றும் வழங்குகிறது. ஆனால் இது சாயம் அன்று. இந்நீர்மம் நிறமற்றது, எதற்கும் நிறம் ஏற்றுவதுமில்லை. இது எக்சு-கதிரைத் தடுத்து நிறுத்துவதால்தான் படத்தில் குருதிக்குழாய்கள் வெண்மையாகத் தோன்றுகின்றன. இக்கட்டுரையில் இது சுருக்கமாக 'ஊடகம்' எனக் குறிக்கப்படுகிறது.

செயல்படும் விதம்

எலும்பில் கால்சியம் மிகுந்திருப்பதால் அது எக்சு-கதிரை எளிதில் உறிஞ்சுகிறது. குருதி, தசை, ஈரல் ஆகியவை ஏறத்தாழ ஒரே அளவில் உறிஞ்சுவதால் அவற்றைப் படத்தில் பிரித்தறிவது கடினம். அயோடினின் அணு எண் 53. அது 33 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலுடைய கதிர்களை மிகுதியாக உறிஞ்சுகிறது. மருத்துவ எக்சு-கதிர்க் கற்றையில் இவ்வாற்றலுடைய கதிர்கள் நிறைய உள்ளன. எனவே குருதியில் அயோடின் கலந்தவுடன் குழாய்கள் தனித்துத் தெரிகின்றன.

ஊடக மூலக்கூறின் அடிப்படை ஒரு பென்சீன் வளையம் ஆகும். அதில் மூன்று அயோடின் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கும். ஒரு சிடி சோதனைக்கு ஏறத்தாழ 100 மி.லி. ஊடகம் செலுத்தப்படுவதாகவும், அதன் ஒவ்வொரு மி.லி.யிலும் 300 மி.கி. அயோடின் இருப்பதாகவும் கொள்வோம். அப்படியெனில் உடலினுள் செல்லும் அயோடின் 30 கிராம். வளர்ந்த ஒருவரின் ஒரு நாள் அயோடின் தேவை 150 மைக்ரோகிராம் மட்டுமே. இக்கணக்கில் அது 2 இலட்சம் நாட்களின் தேவைக்கு ஈடானது. அயோடின் வளையத்துடன் பிணைந்திருப்பதால் இதில் மிகச் சிறிய பகுதியே தனி அயோடைடாக உடலுக்குக் கிடைக்கிறது. மீதி முழுவதையும் சிறுநீரகங்கள் வடிகட்டி அகற்ற வேண்டும்.

ஊடகம் சிறுநீரக முடிச்சுகளில் வடிகட்டப்படுகிறது, ஆனால் நுண்குழல்களில் மீள உறிஞ்சப்படுவதில்லை. நலமான சிறுநீரகம் உடையவரின் குருதியில் இதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. 24 மணி நேரத்திற்குள் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிடுகிறது. சிறுநீரகம் பழுதுற்றிருந்தால் இக்காலம் பன்மடங்கு நீள்கிறது.

சிறுநீரகத்தின் குருதி வழங்கல்

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் அரை விழுக்காடு அளவே இருக்கும். ஆயினும் இதயம் வெளித்தள்ளும் குருதியில் 20 முதல் 25 விழுக்காடு இவற்றுக்கே செல்கிறது. அதாவது நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கும் சற்று மேல். இவ்வளவு குருதி வந்தும் சிறுநீரகத்தின் ஒரு பகுதி எப்போதும் ஆக்சிசன் பற்றாக்குறையின் விளிம்பிலேயே இயங்குகிறது.

சிறுநீரகத்தின் வெளிப்பகுதி புறணி என்றும் உட்பகுதி அகணி என்றும் அழைக்கப்படுகின்றன. வரும் குருதியில் ஏறத்தாழ 90 விழுக்காடு புறணிக்கே சென்றுவிடுகிறது. எஞ்சிய சிறு பகுதி நேர்க்குழாய்கள் எனப்படும் மெல்லிய நீண்ட குழாய்களின் வழியாக அகணிக்கு இறங்குகிறது. புறணியில் ஆக்சிசனின் பகுதியழுத்தம் ஏறத்தாழ 50 மி.மீ. பாதரசம். அகணியில் அது 10 முதல் 20 வரையே.

கண்மாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. தலைமடை வயல்களுக்கு நீர் தாராளமாகப் பாயும், கடைமடைக்கு மிஞ்சியதே போய்ச் சேரும். அகணி சிறுநீரகத்தின் கடைமடை ஆகும். கண்மாயில் நீர் சற்றுக் குறைந்தாலும் முதலில் வாடுவது கடைமடைப் பயிரே.

இக்கடைமடையில் வேலையோ மிகுதி. ஹென்லே வளைவின் தடித்த ஏறுகுழல் அகணியின் வெளிப்பகுதியில் அமைந்துள்ளது. அது சோடியத்தை இடையறாது வெளியேற்றுகிறது. இதற்குப் பெருமளவு ஆற்றலும் ஆக்சிசனும் தேவை. அகணியின் குருதியோட்டம் குறைவாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. சிறுநீரை அடர்த்தியாக்க அகணித் திசுவில் உப்பின் செறிவு உயர்ந்திருக்க வேண்டும். குருதி வேகமாகப் பாய்ந்தால் அச்செறிவு கழுவிச் செல்லப்படும். ஆகவே நீரைச் சேமிக்கும் திறனுக்காகச் சிறுநீரகம் கொடுக்கும் விலையே அகணியின் ஆக்சிசன் வறட்சி எனலாம்.

இந்த நுண்ணிய சமநிலையைக் காக்க உடல் சில வேதிப்பொருட்களைப் பயன்படுத்துகிறது. நைட்ரிக் ஆக்சைடும் புரோசுட்டாகிளாண்டின்களும் குழாய்களை விரிக்கின்றன. எண்டோதீலின், ஆஞ்சியோடென்சின் ஆகியவை சுருக்குகின்றன. அடினோசின் புறணிக் குழாய்களைச் சுருக்கி அகணியில் விரிவை உண்டாக்குகிறது.

ஊடகம் ஏற்படுத்தும் மாற்றங்கள்

விலங்கு ஆய்வுகளில் சிறுநீரகக் குருதியோட்டம் இரு கட்டங்களாக மாறுவது காணப்பட்டது. ஊடகம் சென்றவுடன் குழாய்கள் சிறிது நேரம் விரிந்து குருதியோட்டம் கூடுகிறது. பின்னர் குழாய்கள் சுருங்கிக் குருதியோட்டம் நீண்ட நேரம் குறைந்தே இருக்கிறது. இதனுடன் பின்வரும் நிகழ்வுகளும் சேர்கின்றன.

குழாய்ச் சுருக்கம்: ஊடகம் குழாய்ச் சுவரின் உட்புற உயிரணுக்களைத் தாக்குகிறது. அதனால் நைட்ரிக் ஆக்சைடு குறைந்து எண்டோதீலின் கூடுகிறது. தனியே பிரித்தெடுக்கப்பட்ட எலியின் நேர்க்குழாய்களில் ஊடகத்தைச் செலுத்தியபோது அவை சுருங்கியது நேரடியாகக் காணப்பட்டுள்ளது. ஏற்கெனவே குறுகிய குழாய் மேலும் சுருங்கும்போது குருதிச் சிவப்பணுக்கள் அதில் நெருக்கியடித்துச் செல்ல வேண்டியதாகிறது.

வேலைப்பளு கூடுதல்: வடிகட்டப்பட்ட ஊடகம் தன்னுடன் நீரையும் உப்பையும் இழுத்துச் செல்வதால் சிறுநீர் பெருகுகிறது. ஏறுகுழலுக்குக் கூடுதல் சோடியம் வருவதால் அதன் உழைப்பும் ஆக்சிசன் செலவும் உயர்கின்றன. சில எலி ஆய்வுகளில் அகணியின் குருதியோட்டம் குறையாதிருந்தும் ஆக்சிசன் அழுத்தம் வீழ்ந்தது. வரவு குறைவதும் செலவு கூடுவதும் ஆகிய இரண்டுமே பற்றாக்குறைக்குக் காரணங்கள் என்பதை இது காட்டுகிறது.

பாகுநிலை: நுண்குழலில் நீர் மீள உறிஞ்சப்படும்போது ஊடகம் உள்ளேயே தங்கி மேலும் மேலும் செறிவடைகிறது. கரைசல் பாகுபோல் தடித்து மெதுவாக நகர்கிறது. குழலினுள் அழுத்தம் கூடி, அருகிலுள்ள நேர்க்குழாய்களை அழுத்துகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் இச்செறிவு மேலும் மிகும்.

நேரடி நச்சுத்தன்மை: ஆக்சிசன் குறைந்த நிலையில் தோன்றும் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகள் நுண்குழல் உயிரணுக்களைச் சிதைக்கின்றன. இவை நைட்ரிக் ஆக்சைடையும் அழிப்பதால் குழாய்ச் சுருக்கம் மேலும் வலுப்பெறுகிறது.

வலிநிவாரணிகளின் பங்கு

டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், இண்டோமெத்தசின் போன்ற வலிநிவாரணிகள் புரோசுட்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. வலி குறைவது இதனால்தான். ஆனால் அகணியின் குழாய்களைத் திறந்து வைத்திருப்பதும் அதே புரோசுட்டாகிளாண்டின்தான். 1991இல் வெளியான ஓர் எலி ஆய்வில் இண்டோமெத்தசினும் ஊடகமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது அகணியின் ஏறுகுழல்களில் ஆக்சிசன் பற்றாக்குறையால் விளையும் சிதைவு விரைவில் தோன்றியது. ஆகவே ஊடகச் சோதனைக்கு முன்னும் பின்னும் இவ்வகை மாத்திரைகளையும் ஊசிகளையும் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

வரலாறு

வில்லெம் ரோண்ட்கன் 1895 நவம்பரில் எக்சு-கதிரைக் கண்டுபிடித்தார். 1896 சனவரியிலேயே வியன்னாவில், துண்டிக்கப்பட்ட இறந்தவர் கை ஒன்றின் குழாய்களில் கதிரைத் தடுக்கும் கலவை செலுத்தப்பட்டுப் படமெடுக்கப்பட்டது. உயிருள்ளவர்களுக்கு ஏற்ற பொருளைக் காணப் பல ஆண்டுகள் ஆயின. 1920களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மேகநோய்க்குச் சோடியம் அயோடைடு பெற்றவர்களின் சிறுநீர்ப்பை எக்சு-கதிர்ப் படத்தில் தெரிவது கவனிக்கப்பட்டது. 1929இல் மோசசு சுவிக் பெர்லினில் யூரோசெலக்டான் என்னும் அயோடின் சேர்மத்தைச் சிரை வழியே செலுத்திச் சிறுநீரகங்களைப் படமெடுத்தார்.

1950களில் வந்த அயனி ஊடகங்களின் சவ்வூடுபரவல் செறிவு கிலோவிற்கு 1500 மில்லியாசுமோலுக்கும் மேற்பட்டது. குருதி நீர்மத்தில் அது ஏறத்தாழ 290 மட்டுமே. இதனால் நோயாளிகளுக்குக் கடும் வலியும் எரிச்சலும் ஏற்பட்டன. சுவீடனைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர் தோர்சுடன் அல்மேன் இவ்வலிக்குக் காரணம் உப்புச் செறிவே எனக் கருதினார். உப்பு மிகுந்த மேற்குக் கடலில் கண் திறந்து நீந்தினால் எரிவதும், உப்புக் குறைந்த பால்டிக் கடலில் எரியாதிருப்பதும் அவரைச் சிந்திக்கவைத்தன. 1960களின் இறுதியில் அவர் முன்மொழிந்த கருத்திலிருந்து அயனியாகாத ஊடகங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றான அயோஹெக்சால் இன்று உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளது. அயோஹெக்சால் போன்றவற்றின் செறிவு 600 முதல் 850 வரை இருக்கும். பின்னர் வந்த அயோடிக்சனாலின் செறிவு குருதிக்கு இணையாக 290 ஆகும். ஆனால் அதன் பாகுநிலை கூடுதல் என்பதால் எல்லா வகையிலும் அதுவே மேலானது என்று கூறுவதற்கில்லை.

பாதிப்பை அளவிடுதல்

தசைகளில் உருவாகும் கழிவான கிரியாட்டினினின் அளவு குருதியில் உயர்வதைக் கொண்டு பாதிப்பு அறியப்படுகிறது. ஊடகம் பெற்ற 48 மணி நேரத்திற்குள் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மி.கி. உயர்வதோ, 7 நாட்களுக்குள் முந்தைய அளவின் ஒன்றரை மடங்காவதோ திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு எனக் கொள்ளப்படுகிறது. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களில் அது உச்சத்தை அடைந்து, ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

கிரியாட்டினின் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வது தவறாகலாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படும் வடிகட்டும் வீதமே பொருளுடையது. 2021இல் வெளியான சூத்திரத்தின்படி, கிரியாட்டினின் 1.2 என்று இருக்கும் 25 வயது ஆணின் வடிகட்டும் வீதம் ஏறத்தாழ 86. அதே 1.2 உடைய 70 வயதுப் பெண்ணின் வீதம் ஏறத்தாழ 49. சோதனைத் தாளில் இருவருக்கும் ஒரே எண்தான் இருக்கும். மேலும், மெலிந்த உடலினருக்குத் தசை குறைவு என்பதால் கிரியாட்டினினும் குறைவாக உருவாகும். அவர்களுடைய உண்மையான நிலை கணக்கில் தெரிவதைவிட மோசமாக இருக்கக்கூடும்.

காரணமா, உடனிகழ்வா?

ஊடகம் பெற்றபின் கிரியாட்டினின் உயர்ந்தால் அதற்கு ஊடகமே காரணம் எனப் பல ஆண்டுகள் கருதப்பட்டது. ஆனால் இச்சோதனைக்கு வருவோர் பெரும்பாலும் கடும் நோயுற்றவர்கள். நோய்த்தொற்று, குருதியழுத்த வீழ்ச்சி, நீரிழப்பு ஆகியவையும் கிரியாட்டினினை உயர்த்தும். 2013இல் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள், ஊடகத்துடன் சிடி எடுத்தவர்களையும் ஊடகமின்றி எடுத்த ஒத்த நிலையினரையும் ஒப்பிட்டனர். இரு குழுவினரிலும் பாதிப்பின் வீதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதே காலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வடிகட்டும் வீதம் 30க்குக் குறைந்தவர்களிடம் ஊடகத்தின் விளைவு தெரிகிறது என்றனர்.

இதன் பயனாக இரு சொற்கள் வேறுபடுத்தப்பட்டன. ஊடகத்திற்குப் பின் எக்காரணத்தாலும் தோன்றும் பாதிப்பு 'ஊடகத்தைத் தொடர்ந்த பாதிப்பு' எனவும், ஊடகமே காரணம் என்று உறுதிப்படுவது 'ஊடகத்தால் விளைந்த பாதிப்பு' எனவும் குறிக்கப்படுகின்றன. 2020இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, சிரைவழி ஊடகத்தின் இடர் முன்பு மிகைப்படுத்தப்பட்டது என்று கூறியது. உயிர்காக்கும் சோதனை தேவைப்படும்போது சிறுநீரகத்திற்கு அஞ்சி அதைக் கைவிடலாகாது என்றும் வலியுறுத்தியது. பக்கவாதம், குடலுக்குச் செல்லும் குழாயில் அடைப்பு, நுரையீரல் குழாயில் குருதிக்கட்டி ஆகியவற்றில் தாமதம் உயிரிழப்பில் முடியலாம்.

ஆஞ்சியோவில் நிலை சற்று வேறு. இதயத்திலோ பெருந்தமனியிலோ செலுத்தப்படும் ஊடகம் நுரையீரல் வழியே சென்று நீர்த்துப்போகாமல் நேராகச் சிறுநீரகத் தமனியை அடையக்கூடும். குழாயினுள் செலுத்தப்படும் கம்பி, பெருந்தமனிச் சுவரிலுள்ள கொழுப்புத் துகள்களைப் பெயர்த்துச் சிறுநீரகத்திற்கு அனுப்பிவிடுவதும் உண்டு.

தடுப்பு

உடலின் நீர்நிலையைச் சீராக வைப்பதே இன்றும் முதன்மையான தடுப்பு முறை. குருதிக் கொள்ளளவு கூடும்போது குழாய்ச் சுருக்கம் தணிகிறது. சிறுநீர் நீர்த்துப்போவதால் நுண்குழலில் பாகுநிலையும் குறைகிறது. வடிகட்டும் வீதம் 30க்குக் குறைந்தவர்களுக்கும் திடீர்ப் பாதிப்பு ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் சிரை வழியாக உப்புநீர் ஏற்றப்படுகிறது. மக்கள் வழக்கில் 'குளுக்கோசு ஏற்றுதல்' என்று சொல்லப்பட்டாலும் இங்கு ஏற்றப்படுவது சோடியம் குளோரைடு கரைசலே.

எல்லோருக்கும் உப்புநீர் தேவையில்லை. நெதர்லாந்தின் மாசுடிரிக்டில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வடிகட்டும் வீதம் 30 முதல் 59 வரை இருந்த 660 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். உப்புநீர் பெற்றோரில் 2.7 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 2.6 விழுக்காட்டினருக்கும் பாதிப்பு ஏற்பட்டது. உப்புநீர் பெற்றோரில் 5.5 விழுக்காட்டினருக்கு அந்நீரேற்றத்தாலேயே சிக்கல்கள் தோன்றின. பலவீனமான இதயம் உடையவர்களுக்கு மிகுதியான நீர் மூச்சுத்திணறலை உண்டாக்கும். சோடியம் பைகார்பனேட்டு, அசிட்டைல்சிசுட்டீன் ஆகியவை ஒரு காலத்தில் பரவலாகக் கொடுக்கப்பட்டன. 2018இல் முடிவு வெளியான 5,177 பேர் கொண்ட ஆய்வு, இவற்றால் கூடுதல் பயன் இல்லை எனக் காட்டியது.

ஊடகத்தின் அளவைக் குறைப்பதும், இரு ஊடகச் சோதனைகளுக்கிடையே போதிய இடைவெளி விடுவதும் பிற வழிகள். மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தால் அது உடலில் தேங்கும். எனவே வடிகட்டும் வீதம் மிகக் குறைந்தவர்கள் மருத்துவர் சொற்படி அதைச் சோதனையின்போது நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகச் செயற்பாட்டைப் பார்த்த பின் தொடர்வர்.

காந்த அதிர்வு வரைவு

எம்ஆர்ஐ சோதனையில் அயோடினுக்குப் பதில் கடோலினியம் சேர்மங்கள் பயன்படுகின்றன. இவற்றின் அளவு மிகக் குறைவு என்பதால் குருதியோட்டப் பாதிப்பு பெரிதன்று. ஆயினும் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த சிலருக்குத் தோலும் திசுக்களும் இறுகும் நோய் தோன்றியது. கடோலினியத்துடன் இதன் தொடர்பு 2006இல் தெரியவந்தது. அதன்பின் உறுதிமிக்க வளைய அமைப்புச் சேர்மங்கள் விரும்பிப் பயன்படுத்தப்படுகின்றன.

திண்டுக்கல் சமவெளியில்

திண்டுக்கல் நகரும் அதைச் சூழ்ந்த சமவெளியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்தவை. கோடைவெயில் கடுமையானது. நகரின் குடிநீருக்கு ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் முக்கிய ஆதாரமாக விளங்குகிறது. வயலிலும் பிற வெளி வேலைகளிலும் நாள் முழுதும் வியர்வை சிந்துபவர்களின் உடலில் நீர் குறைவது இயல்பு. அப்போது சிறுநீரகம் நீரைச் சேமிக்க முற்படும். அகணியின் குருதியோட்டம் குறைந்து சிறுநீர் தடிக்கும். மேலே கூறப்பட்ட வழிமுறைகள் யாவும் இந்நிலையில் வலுப்பெறும்.

2022 சனவரி 12 அன்று தமிழகத்தில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒன்று. மேல்சிகிச்சைக்காக ஏறத்தாழ 65 கி.மீ. தெற்கே உள்ள மதுரைக்குச் செல்வோரும் பலர். தமிழக அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சிடி ஸ்கேன் மையங்களை நடத்துகிறது. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இதயச் சிகிச்சையை எளியவர்களுக்கும் கிட்டச் செய்தன. இதனால் ஊடகம் பெறுவோர் வட்டம் நகரின் வசதி படைத்தோரைத் தாண்டி விரிந்துள்ளது.

இப்பகுதியிலிருந்து சோதனைக்குச் செல்பவர் கவனிக்க வேண்டியவை சில. முந்தைய இரவு முதல் பட்டினியாகவும் நீரின்றியும் இருந்து, வெயிலில் பேருந்தில் பயணம் செய்து, மையத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தால், ஊடகம் உட்செல்லும் வேளையில் உடல் வறண்டிருக்கும். இன்றைய ஊடகங்களைச் சிரைவழி செலுத்துவதற்குப் பட்டினி தேவையில்லை என ஐரோப்பியச் சிறுநீரகப் பிறப்புறுப்புக் கதிரியல் கழகம் 2018இல் அறிவுறுத்தியது. ஆயினும் மயக்க மருந்து தேவைப்படும் சோதனைகளிலும் சில வயிற்றுச் சோதனைகளிலும் பட்டினி தேவைப்படலாம். எனவே எத்தனை மணி வரை நீர் அருந்தலாம் என்பதை மையத்தில் தெளிவாகக் கேட்டறிவது நன்று. நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டுள்ள இதய, சிறுநீரக நோயாளிகள் தம் மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும்.

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக்கடையில் தாமே வாங்கிய மாத்திரைகளையும், அண்மையில் போட்டுக்கொண்ட வலி ஊசிகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரிழிவு, உயர் குருதியழுத்தம், முன்பு எடுத்த ஆஞ்சியோ, பழைய கிரியாட்டினின் அறிக்கைகள் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். பழைய அறிக்கை கையிலிருந்தால்தான் இன்றைய எண் உயர்ந்ததா, முன்பே அப்படியிருந்ததா என்று அறிய இயலும். இடர் மிகுந்தவர்களுக்குச் சோதனை முடிந்து இரண்டு அல்லது மூன்று நாட்களில் மீண்டும் கிரியாட்டினின் பார்க்கப்படுகிறது. அந்த இரண்டாவது சோதனை உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளக்கூடியது.